மார்த்தினிக்: கடற்கரையில் தொடங்காதீர்கள்

1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்து பாரிஸில் உடன்படிக்கை எழுத உட்கார்ந்தபோது பிரான்ஸ் தோற்ற கட்சி. பிரிட்டன் கனடாவைப் பிடித்திருந்தது. கரீபியனில் மார்த்தினிக், குவாதலூப் என்ற இரண்டு தீவுகளையும் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்க வழியில்லை. பிரான்ஸ் தீவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கனடாவை விட்டுக்கொடுத்தது. மார்த்தினிக்கின் மொத்தப் பரப்பு 1,128 சதுர கிலோமீட்டர். வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். இன்று வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இது பைத்தியக்கார வியாபாரமாகத் தெரியும். அன்றைக்கு அப்படியில்லை. அந்தச் சின்னத் தீவில் கரும்பு விளைந்தது.

மார்த்தினிக்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே போய்த் தங்குகிறார்கள். வெள்ளை மணல், தென்னை, அமைதியான கடல் எல்லாம் அங்கேதான். அதில் தவறில்லை. ஆனால் அதே மாதிரி மணலும் தென்னையும் கரீபியனில் இன்னும் பத்து தீவுகளில் கிடைக்கும். மார்த்தினிக்கில் மட்டும் இருப்பதைப் பார்க்க வடக்கே போக வேண்டும். எரிமலை, மழைக்காடு, அழிந்த நகரம், கரும்புத் தோட்டங்கள், தமிழ்த் தெய்வங்கள் குடியேறிய கோயில்கள் எல்லாம் அந்தப் பக்கம். வடக்கைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தால் இந்தத் தீவு ஏன் இப்படி இருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. தீவு முழுவதும் எரிமலைகள் எழுப்பியதுதான், ஆனால் ஒரே காலத்தில் அல்ல. தெற்கு மிகப் பழையது. மழையும் காற்றும் தேய்த்துத் தேய்த்து அங்கே தாழ்ந்த குன்றுகளே மிச்சம். வடக்கு இளையது. கார்பே சிகரங்கள் 1,200 மீட்டரை நெருங்குகின்றன, பெலே எரிமலை சுமார் 1,400 மீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து வருடம் முழுக்க வீசும் காற்று இந்த மலைகளில் மோதி ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. அதனால் பெலே உச்சியில் ஆண்டுக்கு ஐந்து மீட்டருக்கும் மேல் மழை. தெற்கு முனையில் ஒரு மீட்டரை ஒட்டி. ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் பெரணி மரமும் மூங்கிலும் அடர்ந்த இருட்டுக் காட்டிலிருந்து கள்ளிச்செடி முளைக்கும் வறண்ட நிலத்துக்கு வந்துவிடலாம்.

காடு பிழைத்ததற்கும் இதுதான் காரணம். கரும்பு நடக்கூடிய இடமெல்லாம் வெட்டப்பட்டது. சரிவும் மழையும் மிஞ்சிப்போன உச்சிகளை மட்டும் தோட்ட முதலாளிகள் தொட முடியவில்லை. 2023-இல் யுனெஸ்கோ பெலே மலையையும் வடக்குச் சிகரங்களையும் அவற்றின் காடுகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெலே மீது ஏற வேண்டுமென்றால் மோர்ன்-ரூஜ் ஊருக்கு மேலே, 800 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல் உள்ள இடத்திலிருந்து பாதை தொடங்குகிறது. காலையில் வெள்ளென ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிக்கொண்டால் கையை நீட்டினால் கை தெரியாது. காட்டுப் பாதைகளில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு விரியன் இனமும் உண்டு. ஆளைக் கண்டால் அது விலகிப் போகத்தான் பார்க்கும், ஆனாலும் பாதையை விட்டுப் புதருக்குள் கால் வைக்காதீர்கள்.

இனி அந்த மலை செய்த காரியம்.

பெலேயின் அடிவாரத்தில், கரீபியன் கடலைப் பார்த்தபடி சேன்-பியேர் நகரம். 1635-இல் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் கால் ஊன்றிய இடம். நிர்வாகத் தலைநகர் ஃபோர்-து-பிரான்ஸ் என்றாலும் பணமும் பகட்டும் சேன்-பியேரில்தான் இருந்தன. சர்க்கரையும் ரம்மும் இங்கிருந்துதான் கப்பலேறின. நாடக அரங்கு இருந்தது, டிராம் ஓடியது. கரீபியனின் பாரிஸ் என்று பெயர் வாங்கிய ஊர்.

1902 ஏப்ரல் கடைசியில் மலை சாம்பல் கக்க ஆரம்பித்தது. மே 5-ஆம் தேதி சூடான சேற்று வெள்ளம் இறங்கி ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு புதைத்தது. ஊர் முழுக்கக் கந்தக நாற்றம், தெருவெல்லாம் சாம்பல். இருந்தும் பெரும்பாலானவர்கள் கிளம்பவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பயந்து ஓடிவந்தவர்கள் நகரத்தில் தஞ்சம் புகுந்து கூட்டத்தை இன்னும் பெருக்கினார்கள். மே 8, காலை எட்டு மணி தாண்டி இரண்டு நிமிடம். மலையின் பக்கவாட்டிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் தரையோடு தரையாகப் பாய்ந்து சில நிமிடங்களுக்குள் நகரத்தை விழுங்கியது. இறந்தவர்கள் 28,000 பேருக்கு மேல். நம்பிக்கையூட்டுவதற்காக முந்தின நாள் வந்து தங்கியிருந்த ஆளுநர் லூயி முத்தேவும் அவர் மனைவியும் அதில் அடக்கம். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின.

ஏன் யாரும் ஓடவில்லை? மே 11-ஆம் தேதி தேர்தலின் இரண்டாம் சுற்று இருந்தது, வாக்காளர்கள் போய்விடக் கூடாதென்று அதிகாரிகள் தடுத்தார்கள் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. தேர்தல் நடக்கவிருந்தது உண்மை. ஆனால் எனக்கு அந்தக் கதை ரொம்ப வசதியான கதையாகப் படுகிறது. எரிமலை என்றால் மெதுவாக வழிந்து வரும் குழம்பு என்றுதான் அன்றைக்குப் படித்தவர்களும் நினைத்தார்கள். நகரத்துக்கும் மலைவாய்க்கும் நடுவே பள்ளத்தாக்குகள் உண்டு. குழம்பு வந்தாலும் அதில் விழுந்து கடலுக்குப் போய்விடும் என்பது ஆராயப் போட்ட குழுவின் கணிப்பு. குழம்புக்கு அந்தக் கணிப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். பெலேயின் மாக்மா, அதாவது உள்ளே உருகிக் கிடக்கும் பாறை, பிசுபிசுப்பானது, வாயு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், வெளிவரும்போது வெடித்துப் பாயும், அந்த மேகத்துக்குப் பள்ளத்தாக்கு ஒரு தடையே இல்லை என்பதெல்லாம் அந்தக் காலை நடந்த பிறகு அறிவியல் கற்றுக்கொண்டது. பிரெஞ்சு நிலவியலாளர் அல்ஃபிரெட் லக்ருவா இங்கே வந்து ஆராய்ந்துதான் அந்த எரிமேகத்தை விளக்கினார். அவ்வகை வெடிப்புகளுக்கு இன்றும் பாடப்புத்தகத்தில் பெலேயின் பெயர்தான்.

நகரத்துக்குள் பிழைத்தவர்களில் பெயர் தெரிந்தவர் சிபாரிஸ் என்ற கைதி. கனத்த கல்சுவர் கொண்ட தனிச் சிறையில் அடைத்திருந்ததால் உடம்பெல்லாம் வெந்தும் உயிர் தப்பினார். சில நாள் கழித்துத்தான் அவருடைய குரலைக் கேட்டு மீட்டார்கள். பின்னாளில் அமெரிக்கச் சர்க்கஸ் ஒன்று அவரைக் காட்சிப்பொருளாக ஊர் ஊராகக் கொண்டுபோனது. நகர ஓரத்தில் இருந்த செருப்புத் தைப்பவர் ஒருவரும் தப்பினார்.

இன்றைய சேன்-பியேர் நாலாயிரம் பேர் வாழும் சிற்றூர். நாடக அரங்கின் படிக்கட்டுகள் நிற்கின்றன, ஏறினால் மேலே ஒன்றுமில்லை. அதை ஒட்டியே கீழே சிபாரிஸின் சிறை அறை. 2019-இல் புதுப்பித்துத் திறந்த நினைவகத்தில் உருகி நெளிந்த தேவாலய மணியும் உருகிய கண்ணாடிப் பொருட்களும் இருக்கின்றன. அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க முத்துக்குளிப்பவர்போல மூழ்கிப் போகும் ஆட்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். மலை ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. 1929 முதல் 1932 வரை மீண்டும் வெடித்தது. 2020 டிசம்பரில் எச்சரிக்கை நிலையை மஞ்சளுக்கு உயர்த்தினார்கள்.

சேன்-பியேருக்கு அந்த எரிமலை வெடிப்பைவிடப் பழைய ஒரு கணக்கும் உண்டு. 1635-க்கு அப்புறம் தீவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்கள் ஒரு தலைமுறைக்குள் விரட்டப்பட்டார்கள். கரும்புக்கு ஆள் வேண்டுமென்று ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1685-இல் பதினான்காம் லூயி அடிமைகளை எப்படி நடத்தலாம், எப்படித் தண்டிக்கலாம் என்று சட்டமே போட்டான். பிரெஞ்சுப் புரட்சி 1794-இல் அடிமை முறையை ஒழித்தது. அதே ஆண்டு மார்த்தினிக்கை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால் அந்த விடுதலை இங்கே வந்து சேரவே இல்லை. 1802-இல் தீவு பிரான்ஸுக்குத் திரும்பியபோது நெப்போலியன் அடிமை முறையைத் தொடர வைத்தான்.

அவனுடைய மனைவி ஜோசஃபின் இந்தத் தீவின் த்ருவா-ஈலே பகுதியில் ஒரு கரும்புத் தோட்ட வீட்டில் 1763-இல் பிறந்தவள். அந்தத் தோட்டம் இப்போது அருங்காட்சியகம். தலைநகரின் சாவான் பூங்காவில் அவளுக்கு ஒரு பளிங்குச் சிலை இருந்தது. 1991-இல் யாரோ அதன் தலையை வெட்டினார்கள். நகராட்சி தலையைத் திரும்ப வைக்கவே இல்லை; கழுத்தில் சிவப்புச் சாயம் வழிய முண்டமாகவே சுமார் முப்பது வருடம் நின்றது, பயணிகள் படமெடுத்துக்கொண்டார்கள். 2020 ஜூலையில் முழுவதுமாக இடித்துத் தள்ளினார்கள்.

அதைவிட வியப்பு, அடிமை ஒழிப்பு ஆணைக்காகப் பாடுபட்ட விக்டர் ஷெல்ஷேரின் சிலைகளையும் அதே ஆண்டு மே 22 அன்று உடைத்தது. அதைப் புரிந்துகொள்ள அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். பாரிஸில் ஆணை கையெழுத்தானது 1848 ஏப்ரல் 27. அது கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே, தடையை மீறிப் பறையடித்த ரொமேன் என்ற அடிமையைக் கைது செய்ததில் சேன்-பியேர் பக்கம் கலகம் மூண்டது. மே 22-இல் நகரம் எரிந்தது, மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவித்தார். ஆணை வந்து சேர்ந்தது ஜூனில். ஆக விடுதலையைப் பாரிஸ் கொடுத்ததா, தாங்களே எடுத்துக்கொண்டோமா என்பது மார்த்தினிக்கில் இன்னும் சூடான கேள்வி. மே 22 அங்கே பொது விடுமுறை. ஷெல்ஷேர் பெயரிலான நூலகத்தை மட்டும் பார்க்காமல் வராதீர்கள். இரும்பும் கண்ணாடியும் வண்ணமுமான கட்டடம். 1889 பாரிஸ் கண்காட்சியின்போது உருவாக்கி, பிரித்துக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

விடுதலை பெற்றவர்கள் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். கரும்பு வெட்ட ஆள் இல்லை. இங்கேதான் தமிழர்கள் வருகிறார்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் பாண்டிச்சேரிப் பக்கத்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1861-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்க இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1880-களில் நிற்கும் வரை சுமார் 25,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் இலவசமாகத் திரும்ப உரிமை. எழுத்தில் அப்படி. நோயிலும் வேலைச் சுமையிலும் செத்தவர்கள் ஏராளம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கூலியைக் குறைக்கத்தான் இவர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதால் அவர்களோடும் நெடுங்காலம் கசப்பு இருந்தது. 'கூலி' என்ற வசை அப்படி நிலைத்தது. பக்கத்துத் தீவான குவாதலூப்பில் ஆன்ரி சிதம்பரம் என்பவர் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடினார்.

வடகோடியில் பாஸ்-பொயந்த், மக்கூபா பகுதிகளில் அவர்களுடைய வழித்தோன்றல்களும் கோயில்களும் இருக்கின்றன. மாரியம்மன் 'மலியெமின்' ஆகியிருக்கிறாள், மதுரை வீரன் 'மல்தெவிலென்' ஆகியிருக்கிறார். தப்பு அடித்து, சேவலும் கிடாவும் வெட்டி, இருவர் பிடித்திருக்கும் அரிவாளின் விளிம்பில் பூசாரி ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார். கடல் கடந்து வந்தவர்கள் நாகூர் ஆண்டவரையும் மறக்கவில்லை. 'நாகுர்மிரா' என்ற பெயரில் அவருக்குக் கொடி ஏறுகிறது. தமிழ் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது, வேண்டுதல் வரிகளில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. கும்பிட வருகிறவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போகிறவர்கள். சடங்கு நடக்கும் நாளில் போக வாய்த்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், கேமராவைப் பையிலேயே வையுங்கள்.

தீவின் பொதுச் சொத்தாகிவிட்டவை வேறு இரண்டு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த 'கொலோம்போ' பொடி போட்ட கோழியோ ஆட்டுக்கறியோ சோற்றோடு எல்லார் வீட்டிலும் விருந்துச் சாப்பாடு. நம் நாக்குக்குக் காரம் போதாது. இன்னொன்று மெட்ராஸ் கட்டம் போட்ட துணி. விழா நாட்களில் பெண்கள் தலையில் கட்டும் துணியும் பாவாடையும் அதுதான்.

பாஸ்-பொயந்தில்தான் கவிஞர் எமே சேசேர் 1913-இல் பிறந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் தலைநகரின் மேயர். 1946-இல் தீவு காலனி நிலையிலிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டமாக மாறியதற்கும் முன்நின்றவர். விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

ரம் பற்றிச் சொல்லாமல் கரும்பின் கதை முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகி விலை சரிந்தது. சர்க்கரை விற்காதபோது கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்கவைத்துக் காய்ச்சினார்கள். உலகின் பெரும்பாலான ரம் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகில் செய்வது; மார்த்தினிக் ரம்முக்குப் பச்சைக் கரும்பின் வாசம் இருப்பது இதனால்தான். 1996 முதல் ஒயினுக்குக் கொடுப்பது போன்ற பிறப்பிட முத்திரையும் உண்டு. வடிசாலைகள் பலவும் சுற்றிப் பார்க்க அனுமதிக்கின்றன. லெ ஃபிரான்சுவாவில் உள்ள கிளெமான் தோட்ட வீடு அழகு. 1991-இல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷும் அங்கேதான் சந்தித்தார்கள். அழகை ரசிக்கும்போது ஒன்று தெரிந்திருப்பது நல்லது: பழைய வெள்ளைத் தோட்டக் குடும்பங்களின் வாரிசுகளான 'பெக்கே'க்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இருக்க மாட்டார்கள். நிலத்திலும் வணிகத்திலும் அவர்கள் கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது.

கரும்பு சுருங்கிய இடத்தில் வாழை வந்தது. வாழையைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அமெரிக்கா 1970-களிலேயே நிறுத்திவிட்ட மருந்து. பிரான்ஸ் 1990-இல் தடை செய்த பிறகும் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மண்ணில் எளிதில் மக்காது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கிறது. கடலோரத்தின் சில பகுதிகளில் மீன்பிடிக்கவே தடை. 2023 ஜனவரியில் நீதிபதிகள் யார் மீதும் வழக்கு நடத்த முடியாதென்று கோப்பை மூடினார்கள். சாலையோரச் சுவர்களில் இதைப் பற்றிய கோபமான வாசகங்களைப் பார்த்தால் பின்னணி இதுதான்.

இப்போது தெற்கே வரலாம். லெ தியமான் ஊருக்கு எதிரே கடலில் 175 மீட்டர் உயரப் பாறை ஒன்று நிற்கிறது. 1804-இல் ஆங்கிலேயக் கடற்படை அதன் மேல் பீரங்கிகளை ஏற்றி, பாறையையே ஒரு போர்க்கப்பலாகப் பதிவு செய்து, பதினேழு மாதம் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதே கரையில் ஆன்ஸ் கஃபார் என்ற இடத்தில் பதினைந்து வெள்ளைச் சிலைகள் தோள் குனிந்து கடலைப் பார்த்து நிற்கின்றன. 1830 ஏப்ரலில் ஒரு புயலிரவில், அடிமை வணிகம் சட்டப்படி தடையான பிறகும் களவாக ஆட்களை ஏற்றி வந்த கப்பல் இங்கே மோதி உடைந்தது. உள்ளூர்ச் சிற்பி லோரான் வலேர் 1998-இல் வைத்த சிலைகள் இவை. 110 பாகையில் கினி வளைகுடாவை நோக்கி நிற்கின்றன.

சேன்-ஆன் பக்கத்து சலீன் கடற்கரை படங்களில் பார்ப்பது போலவே இருக்கும். அங்கே மரத்தண்டில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது மான்சினீல் மரம். அதன் பாலும் பழமும் கொடிய விஷம். மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீர் தோலைப் பொசுக்கிவிடும். அட்லாண்டிக் பக்கத்துக் கரைகளில் 2011 முதல் சர்காசம் பாசி குவிந்து அழுகி, கெட்ட முட்டை நாற்றம் அடிக்கிறது. அறை எடுக்கும் முன் அது எந்தப் பக்கக் கரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே பக்கம் கரவெல் தீபகற்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: தியூபுக் மாளிகையின் இடிபாடுகளும் சதுப்பு மரக் காடும் சேர்ந்த அரை நாள் நடை.

போக நல்ல காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை; ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் பருவம். பேருந்தை நம்பி வடக்கே போக முடியாது, கார் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பணம் யூரோ. உணவுப் பொருட்களின் விலை பிரான்ஸ் பெருநிலத்தைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல். 2024-இல் இதற்காகத்தான் தெருவில் போராட்டம் வெடித்தது. பாரிஸிலிருந்து எட்டரை மணி நேர விமானப் பயணம். பிரான்ஸின் பகுதிதானே என்று ஷெங்கன் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தீவு ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த பகுதி என்று குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். தலைநகரிலிருந்து வடக்கே டொமினிக்காவுக்கும் தெற்கே செயின்ட் லூசியாவுக்கும் படகு போகிறது. அவை தனி நாடுகள், நுழைவு விதியும் தனி.